கல்பாசிப் பொட்டலத்துக்குள் யார் யார்

கல்பாசியைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது வரியிலேயே அதன் தாவரவியல் பெயர் வந்துவிடுகிறது: பார்மோட்ரீமா பெர்லேட்டம். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள், மசாலா விற்பவர்கள் உறையில் அச்சடிக்கிறார்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போடுகிறார். அது வெறும் பாசியும் இல்லை, பூவும் இல்லை, மரப்பட்டையும் இல்லை, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன் என்ற விளக்கமும் கூடவே வரும். பள்ளித் தாவரவியலில் படித்ததுதான். லைக்கன்களில் பட்டையோடு ஒட்டிப் படர்வது ஒரு வகை, புதர் மாதிரி தொங்குவது ஒரு வகை, இலை இலையாக விரிவது ஒரு வகை. கல்பாசி இலை வகை. இதிலெல்லாம் எனக்கு ஒரு தகராறும் இல்லை. வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது அந்த ஒற்றைப் பெயர்தான். நான் வாங்கும் பொட்டலத்தில் இருப்பவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதே இல்லை. ஒரு தடவை அகலமாக, உள்ளங்கையில் வைத்தால் வற்றல் போல மொறமொறப்பாக இருக்கிறது. அடுத்த தடவை அதே கடையில் வாங்கினால் பாதி சுருள் சுருளாக, நார் நாராக. உறையில் மட்டும் பெயர் மாறுவதில்லை.

மதுரையில் எங்கள் தெருவில் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருக்கிறார். கல்பாசி விஷயத்தில் அவர் கறாரானவர். என் பொட்டலத்தைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பாதி கல்பாசியே இல்ல ஆத்தா. அடி கறுப்பா இருக்கணும், இலை அகலமா இருக்கணும். நாரா இருக்கறத எடுத்துப் போட்டுரு" என்றார். போட்டுவிடலாம், ஆனால் காசு கொடுத்து வாங்கியது. நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய்க் கேட்டால் அவர் சிரித்தார். "எல்லாமே கல்பாசிதாம்மா. மலையில இருந்து வர்றது அப்படித்தான் கலந்து வரும்." ஆக, உறை ஒன்று என்கிறது, ஆச்சி பாதி என்கிறார், கடைக்காரர் எல்லாமே என்கிறார். மூவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இது ஒரு பெரிய விஷயமா என்று வீட்டில் கேட்டார்கள். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் கோழிக் குழம்பு ஒரு வாரம் மணப்பதும் இன்னொரு வாரம் சும்மா இருப்பதும் எதனால் என்று தெரியாமல் சமைத்துக்கொண்டிருப்பது எரிச்சலான வேலை.

பரப்பிப் பார்த்தது

தாளிப்புக்கு இரண்டு விரலால் கிள்ளிப் போடும் பொருளை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி, ஒரு பொட்டலம் முழுவதையும் பழைய செய்தித்தாளில் கொட்டிப் பரப்பினேன். முதலில் கையில் சேர்ந்தவை குப்பை: மரப்பட்டைச் சில்லுகள், உண்மையான பாசி கொஞ்சம், ஒரு சிறகு. அப்புறம் நார்கள். மஞ்சள் கலந்த வெளிர்பச்சையில், தாடி மயிர் போலக் கிளைத்துக் கிடந்தன. இவை அஸ்னியா என்ற புதர் வகை லைக்கன். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு நாரைத் தண்ணீரில் நனைத்து இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் வெளித்தோல் விட்டுப்போய் உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு நீளும், ரப்பர் மாதிரி இழுபடும். வேறு எந்த லைக்கனிலும் அந்த நடுநரம்பு இப்படி வராது. ஆச்சி சொன்ன நார் இதுதான். இலை வகையே இல்லை என்பதால் அவர் பொறுக்கிப் போடச் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த குவியல் ஒல்லிப் பட்டைகள். நாடா போல நீண்டு, இரண்டிரண்டாகப் பிரிந்து, ஓரங்கள் உள்பக்கம் மடங்கி வாய்க்கால் மாதிரி குழிந்திருந்தன. ஓரத்தில் கறுப்பு முடிகள். இது எவர்னியாஸ்ட்ரம் சிர்ரேட்டம். இப்போது வகைப்பாட்டில் ஹைப்போட்ராக்கைனா என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். இமயமலைச் சரிவில், குமாவோன் பக்கத்து ஓக் மரங்களில் ஏராளமாக வளர்வது. அங்கே லைக்கன்களைப் பொதுவாக ஜூலா என்பார்கள். மலையில் சேர்த்து அடிவாரச் சந்தைகளுக்கு மூட்டையாக இறக்குவார்கள். அங்கிருந்து வடநாடு முழுக்கப் போகிறது, நம் மளிகைச் சந்தைக்கும் வருகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான இடங்களிலும் இந்த லைக்கன் உண்டு. ஆகவே என் பொட்டலத்தில் இருந்தது எந்த மலையிலிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தது ஆச்சி ஒத்துக்கொள்ளும் கல்பாசி. மேலே சாம்பல் நிறம், கீழே கரிக் கறுப்பு, அகலமான மடல்கள். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் நடுவில்தான் கறுப்பு. ஓரத்துக்கு வரும்போது பழுப்பாகி வழவழப்பாகிவிடுகிறது. நடுவில் கறுப்பு வேரிழைகள் இருக்கின்றன. பெயர்தான் வேர், மரத்தைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். சாறு உறிஞ்சும் வேலை இதற்கு இல்லை. ஒரு துண்டை உடைத்து உடைந்த ஓரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் அடுக்குகள் தெரிந்தன: மேலே மெல்லிய சாம்பல் தோல், அதற்குக் கீழே மயிரிழை அகலத்தில் பச்சைக் கோடு, அதன்கீழ் பஞ்சு போல வெள்ளை, கடைசியில் கறுப்புத் தோல். அந்தப் பச்சைக் கோடுதான் பாசி, டிரெபூக்ஸியா என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி. மற்ற எல்லாமே பூஞ்சை. உடம்பைக் கட்டுவது பூஞ்சை, சமைப்பது பாசி. பாசி ஒளிச்சேர்க்கையில் செய்யும் ரிபிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளைப் பூஞ்சை வாங்கிக்கொண்டு மானிட்டால் என்ற இன்னொன்றாக மாற்றிச் சேமிக்கிறது. 1869இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டெனர் இந்த இரட்டை வாழ்க்கையைச் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். முந்நூறு மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி வேண்டாம், நகைக்கடைக் கண்ணாடியே போதும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்க.

ஒரு மடலைத் தண்ணீரில் போட்டேன். கையில் எடுத்தால் நொறுங்கிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் தோல் மாதிரி துவண்டது. சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து பச்சை தெரிய ஆரம்பித்தது. நனைந்ததும் மேல்தோல் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதால் உள்ளே இருக்கும் பாசி தெரிகிறது. மரத்தில் இருக்கும்போதும் இதுதான் நடக்கும். மழை பெய்தால், பனி இறங்கினால் நனைந்து வேலையைத் தொடங்கும். வெயில் வந்தால் காய்ந்து, வேலையை நிறுத்தி, அடுத்த ஈரம்வரை அப்படியே கிடக்கும். தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது, காய்வதைத் தாங்கும் திறன்தான் உண்டு. பொட்டலத்துக்குள் மாதக்கணக்கில் கெடாமல் கிடப்பதற்கும் காரணம் வேறில்லை.

சரி, இந்த அகல இலைக் குவியலாவது பெர்லேட்டம்தானே என்று பார்த்தால், அதுவும் ஒன்றாக இல்லை. சில துண்டுகளின் ஓரம் அலையலையாக மேலே சுருண்டு, அந்த ஓரம் முழுக்க அரிசி மாவு ஒட்டியது போல வெள்ளைப் பொடி. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பாசிச் செல்லும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பூஞ்சை இழையும் இருக்கும். காற்றில் பறந்து இன்னொரு கிளையில் ஒட்டினால் புதிய லைக்கன். கூடவே ஓரத்தில் கண்ணிமை மயிர் போலக் கறுப்பு இழைகள். பெர்லேட்டத்தின் அடையாளம் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பது. வேறு சில துண்டுகளில் ஓரப் பொடி இல்லை, இமை மயிர் இல்லை. ஆனால் மேல்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள் மாதிரி முளைத்து, தடவினால் சொரசொரத்தது. இன்னும் சிலவற்றில் மேல்தோலில் வலைப்பின்னல் போல நுண்ணிய வெள்ளை வெடிப்புகள். வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒரே கல்பாசி. ஆச்சியின் கண்ணுக்கும்.

சிவந்த துளி

லைக்கன் ஆராய்ச்சியில் ஒரு பழைய பழக்கம் உண்டு. உருவத்தை மட்டும் நம்பாமல் ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர் 1860களில் கொண்டுவந்த வழி அது, இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். மருந்துகளில் முக்கியமானவை இரண்டு: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சலவைக்கு ஊற்றும் பிளீச். இரண்டாவது எல்லார் வீட்டிலும் இருப்பது. முதலாவதைக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் தோழி ஒரு சின்னக் குப்பியில் கொடுத்தாள், கண்ணில் படக்கூடாது என்று நாலு தடவை சொல்லி. மாடியில் ஒரு வெள்ளை ஓட்டின்மேல் துண்டுகளை வரிசையாக வைத்தேன். சோதித்ததைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது என்பதால் சமையலறைப் பக்கமே போகவில்லை.

பிளேடு நுனியால் மேல்தோலையும் பச்சைக் கோட்டையும் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு தெரியும். அதில்தான் சொட்டு விட வேண்டும். ஓரத்தில் பொடி இருந்த துண்டில் பிளீச் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ஈரமானதோடு சரி. அடுத்தது சொரசொரத்த துண்டு. சொட்டு விழுந்ததும் வெள்ளைப் பஞ்சு ரத்தச் சிவப்பாக மாறியது. தயக்கமே இல்லாத சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மங்கிப் பழுப்பானது. இன்னொரு சொரசொரத்த துண்டு, அதுவும் சிவப்பு. பொடித் துண்டுகள் எல்லாம் அசையவே இல்லை. அதுவரைக்கும் எனக்குச் சந்தேகம் இருந்தது, ஒரே லைக்கனின் இளசும் முற்றலுமாக இருக்கலாமே என்று. அந்தச் சிவப்புக்குப் பிறகு சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அது லெக்கனோரிக் அமிலத்தின் நிறம்; அந்த அமிலம் இருப்பது பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்ற வேறு இனத்தில். லெக்கனோரிக் அமிலம் உள்ள லைக்கன்களை அம்மோனியாவில் ஊறவைத்துக் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் எடுத்த காலம் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. அந்தக் காலத்தில் அம்மோனியாவுக்குப் பயன்பட்டது சிறுநீர். குழம்பில் அதெல்லாம் நடக்காது, பயப்பட வேண்டாம்.

வலைப்பின்னல் துண்டுக்கு பிளீச் ஒன்றும் செய்யவில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் முதலில் மஞ்சளாகி, பிறகு மெதுவாகச் சிவந்தது. அது சலசினிக் அமிலம், இனம் பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம். பொடித் துண்டில் அதே மருந்து மஞ்சளாகி ஆரஞ்சோடு நின்றுவிட்டது. ஸ்டிக்டிக் அமிலம். இதுதான் உறையில் அச்சடித்திருக்கும் பெர்லேட்டம். ஆக, ஒரு பொட்டலத்தில் அகல இலையே மூன்று இனம், ஒல்லிப் பட்டை ஒன்று, நார் ஒன்று. உறையில் பெயர் போட்டிருக்கும் ஆள் உள்ளே இருக்கிறார். கூட்டத்தில் ஒருவராக இருக்கிறார். லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் லைக்கன்களுக்கென்றே பெரிய தொகுப்பு இருக்கிறது. சந்தை மாதிரிகளைப் பார்த்த இந்திய லைக்கன் ஆய்வாளர்கள் இது கலவை என்று எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். அந்த விவரம் மசாலா உறை அச்சடிக்கிறவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. பெர்லேட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் நம் மலையைப் பார்த்தவர் இல்லை. வில்லியம் ஹட்சன் என்ற லண்டன் மருந்துக்காரர், 1762இல் இங்கிலாந்தின் தாவரங்களைப் பட்டியல் போட்டபோது வைத்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில், அட்லாண்டிக் ஈரக்காற்று படும் மரங்களில் கல்பாசி இன்றைக்கும் இருக்கிறது. அங்கே அதை யாரும் கோழிக் குழம்பில் போடுவதில்லை.

எண்ணெய்ச் சட்டி

இனம் தெரிந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் சொன்னதும் மனசில் கிடந்தது: எல்லாமே கல்பாசிதான். அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறையாக வியாபாரம் செய்கிறவர்கள் சேர்த்துக் கட்டுவதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். சோதிக்காமல் தனியே வைத்திருந்த குவியல்களைக் கொண்டுவந்து, சின்ன இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காயவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

பச்சையாக முகர்ந்தால் கல்பாசியில் பெரிய வாசனை கிடையாது; சாக்குப்பை வாசனை, கொஞ்சம் தூசி. எண்ணெயில் விழுந்ததும்தான் கதை மாறும். மடல் சுருண்டு, ஓரம் கருகுவதற்குச் சற்று முன்னால், மழை நின்ற காட்டையும் அணைந்த விறகையும் சேர்த்த ஒரு மணம் எழும்பும். பெர்லேட்டம் அப்படித்தான் மணத்தது. டிங்க்டோரமும் அப்படித்தான். ரெட்டிகுலேட்டத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒல்லிப் பட்டை கொஞ்சம் லேசு, ஆனால் அதே குடும்ப மணம். அஸ்னியா நார் மட்டும் ஒதுங்கி நின்றது: வைக்கோல் கருகிய வாசனை, நாக்கில் வைத்தால் கசப்பு. ஆச்சியைக் கூப்பிட்டு எது எது என்று சொல்லாமல் முகரச் சொன்னேன். நாரைக் காட்டி மூக்கைச் சுளித்தார். மற்ற நாலையும் "இதெல்லாம் நம்ம கல்பாசிதான்" என்றார், ஒல்லிப் பட்டை உட்பட. அது ஒல்லிப் பட்டை என்று பிறகு காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "எண்ணெய் நல்ல எண்ணெய், அதான்" என்று முடித்துக்கொண்டார்.

எனக்குத் தோன்றும் காரணம் இது. உள்பஞ்சில் இருக்கும் அமிலங்கள்தான் இனத்துக்கு இனம் மாறுகின்றன: ஒன்றில் ஸ்டிக்டிக், ஒன்றில் லெக்கனோரிக், ஒன்றில் சலசினிக். ஆனால் மேல்தோலில் இந்த நாலுக்கும் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது, அட்ரனோரின். சாம்பல் நிறத் தோலில் படிகமாகப் படிந்து, கீழே இருக்கும் பாசிக்கு வெயில் அதிகம் படாமல் காப்பது. தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிற பொருள். அஸ்னியாவின் தோலில் இருப்பது பொதுவாக அஸ்னிக் அமிலம். அந்த மஞ்சள் சாயல் அதனால் வருவது, கசப்பும் அதனால்தான். ஐரோப்பாவில் ஓக்மாஸ் என்ற பெயரில் எவர்னியா ப்ருனாஸ்ட்ரி என்ற லைக்கனை வாசனைத் திரவியத்துக்கு எடுப்பார்கள். அதில் வரும் காட்டு வாசனைக்கு முக்கியக் காரணம் அட்ரனோரின் போன்ற இந்த லைக்கன் பொருள்கள் உடையும்போது பிறக்கும் சிறிய மூலக்கூறுகள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் ஷமாமா என்ற அத்தர் காய்ச்சுகிறவர்கள் நம் கல்பாசிக் கூட்டத்தையே சரிலா என்ற பெயரில் கொப்பரையில் போடுகிறார்கள். மராட்டியர்கள் கோடா மசாலாவுக்கு எண்ணெயில் வறுத்துப் பொடிக்கிறார்கள். முழுசாகக் குழம்பில் போட்டுக் கொதிக்க விட்டால் பாதிகூட மணக்காது. எண்ணெயும் சூடும் வேண்டும். செட்டிநாட்டுத் தாளிப்பில் பட்டை, கிராம்போடு கல்பாசியும் முதலிலேயே எண்ணெய்க்குள் போவது இந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன்.

ஆக, சந்தை தன் போக்கில் ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறது. சாம்பல் தோலும் கறுப்பு அடியுமாக, எண்ணெயில் போட்டால் அந்த மணம் தருவதெல்லாம் கல்பாசி. தாவரவியல் வகைப்பாட்டோடு அது பொருந்தாது, பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. கடைக்காரர் நார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம். "அசல் கல்பாசி பெர்லேட்டம் மட்டுமே, மற்றதெல்லாம் கலப்படம்" என்று இப்போது சிலர் விலை கூட்டி விற்கிறார்கள். மணத்தைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் விலைக்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வாசனைப் பொருள்களில் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டைத் தடை செய்தது. தோலில் ஒவ்வாமை தரும் என்பதற்காக. அட்ரனால் அட்ரனோரினிலிருந்து வருவது. அது மேலே பூசிக்கொள்ளும் அத்தர் விவகாரம். கிள்ளிப் போடும் கல்பாசிக்கு அதைக் காட்டிப் பயமுறுத்தும் காணொளிகள் வேண்டாத வேலை.

மரத்தில் இருக்கும்போது

இனம் பற்றிய உறுத்தல் இப்படித் தீர்ந்தபோது இன்னொன்று வந்து உட்கார்ந்தது, இது தீரவில்லை. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மற்ற எதையும் யாரோ பயிர் செய்கிறார்கள். மிளகுக்குக் கொடி, கிராம்புக்குத் தோப்பு, சீரகத்துக்கு வயல். கல்பாசிக்குத் தோட்டம் கிடையாது. பூஞ்சையையும் பாசியையும் தனித்தனியே ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். சேர்த்து வைத்து உள்ளங்கை அகல மடலாக, கிலோக் கணக்கில் வளர்க்க யாராலும் ஆகவில்லை. பொட்டலத்தில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ யாரோ கையால் உரித்தது. பழனி மலையில் பளியர் பழங்குடிகள் தேன், கடுக்காயோடு கல்பாசியும் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு அது வருமானம். அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வளரும் வேகம்தான் யோசிக்க வைக்கிறது. இலை வகை லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் ஓரத்தில் நீளும். ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம் ஆக 16, 17 வருஷம் வேண்டும். நான் ஒரு தாளிப்பில் கருக்குவது ஒரு பள்ளிப் பிள்ளையின் வயது. மரத்தில் கொஞ்சம் விட்டுவைத்து உரித்தால் மிச்சம் மறுபடி படரும். ஓரப் பொடியும் பறந்து ஒட்டும். மொத்தமாகச் சுரண்டினால் அந்தக் கிளை வெகுநாள் மொட்டையாகத்தான் இருக்கும். காற்றில் முறிந்து விழுந்த கிளையிலிருந்து எடுப்பதே நல்லது என்பேன். தரையில் கிடந்தால் நிழலிலும் ஈரத்திலும் அழுகப்போவதுதான்.

அப்புறம், அது எந்தக் காற்றில் இருந்தது என்ற கேள்வி. வேர் இல்லை, மெழுகுத் தோல் இல்லை. மழையிலும் தூசியிலும் வருவதை எல்லாம் உடம்பு முழுவதாலும் வாங்கிக்கொள்ளும். ஈயம், காட்மியம் வந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். சொட்டு மருந்துச் சோதனை கொண்டுவந்த அதே நைலாண்டர்தான், 1866இல், பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் இருக்கும் லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து, காற்றின் தரத்தை இவற்றை வைத்து அளக்கலாம் என்று எழுதினார். நூறு வருஷம் கழித்து, 1970இல், ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 0 முதல் 10 வரை ஒரு அளவுகோலே போட்டார்கள். 0 என்றால் மரத்தில் ஒன்றுமே வளராத நச்சுக் காற்று, 10 சுத்தமான காற்று. அதில் பெர்லேட்டமும் ரெட்டிகுலேட்டமும் தலைகாட்டுவது 8ஆவது படியில், கந்தக டை ஆக்சைடு கன மீட்டருக்கு ஏறக்குறைய 35 மைக்ரோகிராமுக்கு இறங்கிய பிறகு. என் பொட்டலத்தில் இருந்த இரண்டு பேரும் அங்கே காற்றுக்குச் சான்றிதழ் கொடுக்கும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். ஆனால் கந்தகப் புகையைத் தாங்காதது உலோகத் தூசியையும் தாங்காது என்று அர்த்தமில்லை. மலைப்பாதை ஓரத்து மரத்தில், லாரிப் புகையில், நன்றாகவே படர்ந்திருக்கும் கல்பாசியையும் பார்க்கலாம். நடுக்காட்டில் எடுத்ததும் சாலையோரம் உரித்ததும் கடைக்கு வரும்போது ஒரே சாக்கில்தான் வரும். தாவரவியல் பெயரை அச்சடிக்கும் அந்த இடத்தில் எந்த மலை, எந்த வனப்பிரிவு என்று போட்டால் எனக்கு உபயோகமாக இருக்கும். தேனுக்கு இப்போது சிலர் போடுகிறார்கள். கல்பாசிக்குப் போட்ட உறையை இதுவரை நான் பார்க்கவில்லை.

அதுவரை என் வழி சுருக்கமானது. முழு மடலாகத்தான் வாங்குவேன். பொடியில் நாரும் பட்டையும் தூசியும் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வாங்கியதைப் பரப்பி நாரை எடுத்துவிட்டு, வேண்டிய அளவைத் தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றி, எண்ணெயில் போடுவதற்கு முன்னால் நன்றாக உலர விடுவேன். ஈரத்தோடு போட்டால் வெடிக்கும். ஒரு கிலோ கோழிக்கு இரண்டு விரல் கிள்ளுக்கு மேல் போடுவதில்லை. சமீபத்தில் ஒரு பிரியாணிக் குறிப்பில் கைப்பிடிக் கல்பாசி போடச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு போட்டால் அண்டா முழுக்கக் கசக்கும்.